டிஜிட்டல் ஆவணத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் குழுவோட வணக்கம். நம்ம சங்கத்தோட பழைய ஃபைல், போட்டோ, கூட்டங்கள்ல பேசின ரெக்கார்டிங், மலருக்கு டைப் பண்ண பக்கம் எல்லாத்தையும் திரட்டிப் பத்திரப்படுத்துற வேலை நல்லபடியா முடிஞ்சிருச்சு. வரவு செலவு கணக்கு பொதுக்குழுவுல வைக்கிறோம், இங்க செஞ்ச வேலைய மட்டும் சொல்றோம், கம்ப்யூட்டர் அவ்வளவா பழக்கமில்லாதவங்களுக்கும் புரியணும்னு கொஞ்சம் விளக்கமாவே.

அதான் எல்லாம் சிடில இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த வேலைன்னு நிறைய பேர் கேட்டீங்க. நாம ரைட் பண்ற சிடில தகவல் பதிவாகுறது ஒரு சாயப் பூச்சுல, சூடு வெளிச்சம் ஈரம் பட்டா அது கெட்டுரும். பென் டிரைவ்ல மின்னூட்டமா நிக்குது, வருஷக்கணக்கா சும்மா கிடந்தா மெல்ல மெல்ல கசிஞ்சு போகலாம். டிஸ்க் நல்லா இருந்தாலும் அதைப் படிக்கிற மெஷின் வேணும்ல. பிரிட்டன்ல 1086ல எழுதின டூம்ஸ்டே நிலக்கணக்கு ஏட்டோட 900வது வருஷத்துக்காக 1986ல பிபிசி ஊர் ஊரா தகவல் சேர்த்து லேசர்டிஸ்க்ல, அதாவது சிடி மாதிரி பெரிய தட்டுல போட்டாங்க, பதினஞ்சு வருஷம் ஆகுறதுக்குள்ள அதைப் படிக்கிற மெஷினே அரிதாகி ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாடு பட்டுத்தான் மீட்டாங்க, ஆனா 1086 ஏட்டை இன்னைக்கும் பிரிச்சுப் படிக்கலாம்.

எங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்தது பழைய தமிழ் ஃபைல்கள்தான். பாமினி மாதிரி ஃபான்ட்ல டைப் பண்ணா கம்ப்யூட்டர் உள்ள சேமிக்கிறது இங்கிலீஷ் எழுத்தோட எண்ணைத்தான், ஃபான்ட்தான் அதைத் தமிழா காட்டுது, அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா ஒரு வார்த்தை புரியாது. இதுல டிஸ்கி, டாம், டாப்னு எழுத்துக்கு எண் குடுக்கிற முறை வேற வேற, ஒவ்வொண்ணுக்கும் தனி மாற்றி, அதாவது மாத்திக் குடுக்கிற சாஃப்ட்வேர் வேணும். எந்த மெஷின்லயும் ஒரு எழுத்துக்கு ஒரே எண்ணுங்கிற பொது முறைதான் யூனிகோட், அதுல 1991லயே தமிழ் வந்துருச்சு, ஆனா அச்சு வேலைக்கு அதுக்கப்புறமும் ரொம்ப காலம் பழைய ஃபான்ட்தான் ஓடுச்சு. ஃபைல் ஒரு பிட், அதாவது தகவலோட மிகச் சின்னத் துண்டு கூட கெடாம இருந்தும் படிக்க முடியலைன்னா அதைக் காப்பாத்தினதா சொல்லவே முடியாதுங்கிறது எங்க உறுதியான கருத்து. அதனால எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தி, வரி வரியா ஒப்பிட்டுத் திருத்தி, பக்க அமைப்பு மாறாம இருக்க பிடிஎஃப்/ஏ காப்பியும் எடுத்தோம், நீண்ட காலம் வைக்கிறதுக்குன்னே 2005ல ஐஎஸ்ஓ தரமா வந்த வகை அது. பழைய மூல ஃபைலையும் அழிக்கல, நாளைக்கு இதைவிட நல்ல மாற்றி வரலாம்.

போட்டோ ஸ்கேனை டிஃப் வகை ஃபைலாவும், ஒலியை வேவ் வகை ஃபைலாவும், விவரம் குறையாம சேமிச்சோம். ஜேபெக்ல எடிட் பண்ணி எடிட் பண்ணி சேவ் பண்ணா ஒவ்வொரு தடவையும் விவரம் கொஞ்சம் குறையும், அதான் காரணம்.

ஃபைல் பேரு எல்லாம் வருஷம்-மாசம்-தேதின்னு ஆரம்பிக்கும், அப்பதான் தானாவே வரிசையா நிக்கும். கூடவே ஒரு அட்டவணைல யாரு, எங்க, எப்போ, யாரு எடுத்ததுன்னு எழுதியிருக்கோம். மூத்த உறுப்பினர்கள் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு முகமா அடையாளம் சொன்னாங்களே, இந்தத் திருப்பணியில அதுதான் பெரிய கொடை, ஏன்னா பேரு தெரியாத போட்டோவுக்கு எந்த சாஃப்ட்வேராலயும் பேரு சொல்ல முடியாது.

இப்ப மூணு காப்பி இருக்கு, ரெண்டு வேற வேற வகை சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. கிளவுட்ல போட்டா போதாதான்னா, போதாது. மைஸ்பேஸ்ங்கிற சமூக வலைதளத்துல பன்னெண்டு வருஷமா ஜனங்க ஏத்தின பாட்டுங்க சர்வர் மாத்தும்போது போயிருச்சுன்னு 2019ல தெரிய வந்துச்சு. அதோட, சிங்க் வேற பேக்கப் வேற, சிங்க்னா ரெண்டு இடத்தையும் எப்பவும் ஒரே மாதிரி வெச்சுக்கிறது, பேக்கப்னா தனியா எடுத்து வைக்கிற காப்பி, சிங்க்ல இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சுரும். காப்பி மூணும் ஒண்ணுதானான்னு பார்க்க ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் எடுத்து வெச்சிருக்கோம், அது ஃபைலோட கைரேகை மாதிரி 64 எழுத்து, உள்ள ஒரு பிட் மாறினாலும் ரேகை மொத்தமா மாறிரும்.

வருஷம் ஒரு தடவை செக்சம் ஒப்பிட்டுப் பார்க்கணும், மாறியிருந்தா நல்ல காப்பிலேர்ந்து மீட்டு வைக்கணும், டிஸ்க்குகள அது சாகுறதுக்கு முன்னாடியே மாத்தணும், பாஸ்வேர்டு குறைஞ்சது ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். இந்தப் பொறுப்பை அடுத்த குழு எழுத்துல ஏத்துக்கணும்னு தீர்மானம் கொண்டு வர்றோம், ஆதரவு குடுங்க. எது எங்க இருக்குங்கிற குறிப்பைப் பேப்பர்லயும் அச்சடிச்சு டிஸ்க் பெட்டிக்குள்ளயே வெச்சாச்சு.

வீட்ல இன்னும் போட்டோ வெச்சிருக்கவங்க வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, அது படத்தைச் சுருக்கிரும், டாக்குமெண்ட்னு தேர்வு பண்ணி அனுப்புங்க, கூடவே படத்துல இருக்கவங்க பேரை இடது பக்கத்துலேர்ந்து வரிசையா எழுதுங்க. பேரு தெரியாத படங்களோட பட்டியல் குழுகிட்ட இருக்கு, பெரியவங்க வர முடியலைன்னா சொல்லுங்க, நாங்களே வீட்டுக்குக் கொண்டு வர்றோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு