தூண்டில் வளைவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மீனவ கிராமங்கள், கரை அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கருங்கல் சுவர்) கேட்டுப் போராடும் செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவர்கள் கோபம் முழுக்க நியாயமானது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது பிள்ளைச்சாவடியில் வீடுகள் இடிந்து கடலில் விழுந்தன. கண்ணெதிரே வீடு போவதைப் பார்த்தவர்கள் உடனே கல்லைக் கொட்டுங்கள் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கல் பக்கத்து ஊரை என்ன செய்யும் என்பதையும் செய்தியில் சேர்த்திருக்கலாம்.

நம் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. அலை சாய்வாக ஏறி, நேராக இறங்குகிறது; ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. வடக்கே போவதுதான் எப்போதும் அதிகம். ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இப்படிக் கடந்து போய்க்கொண்டிருந்தது. 1980களின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டியதும் அந்த வழி அடைபட்டது. தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலையோ வழக்கம்போல் இருக்கிற மணலை எடுத்துக்கொண்டே போனது. நகரத்தின் கடற்கரை மறைந்து கருங்கல் குவியல் வந்தது அப்படித்தான்.

இது முன்பே தெரியாத விஷயமும் அல்ல. 1876இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகம், தெற்கே மெரினாவை அகலமாக்கி, வடக்கே ராயபுரம் பக்கம் கரையைத் தின்றது. நூறு ஆண்டுப் பாடம் கண்முன்னே இருந்தது. அதனால்தான் புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே விடும் ஏற்பாடும் இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. என் வருத்தமெல்லாம் இதில்தான்.

தூண்டில் வளைவும் அலைத்தடுப்புச் சுவர் செய்வதையே சிறிய அளவில் செய்கிறது. தன் தென்பக்கம் மணலைப் பிடித்து வைத்து, வடக்கே உள்ள ஊரைப் பட்டினி போடுகிறது. புதுச்சேரி எல்லை தாண்டி கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அரிப்பு வடக்கே நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கரையோரம் கருங்கல் கொட்டினாலும், மோதித் திரும்பும் அலை கல்லின் அடியையே பறிக்கிறது. எஞ்சிய மணலும் போய்விட்டால் படகை எங்கே ஏற்றுவது, கரைவலையை எங்கே நின்று இழுப்பது?

ஆறுகளையும் சொல்ல வேண்டும். தென்பெண்ணை கொண்டுவரும் மணலும் கடலூர்ப் பக்கமிருந்து இந்தக் கரைக்கு வருவதுதான். சாத்தனூர் அணையும் மணல் குவாரிகளும் அதை வழியிலேயே குறைத்துவிட்டன.

ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டிலும் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் போகிறது. அங்கே நெராங் ஆற்று முகத்துவாரத்தில் 1986 முதல் தென்பக்க மணலைக் குழாயில் உறிஞ்சி வடகரையில் விடுகிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். நம் துறைமுக வேலை தொடங்கிய அதே காலம்தான் அது. புதுச்சேரியிலும், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து மணலும் கொட்டிய பிறகு, கொஞ்சம் கடற்கரை திரும்பி வந்தது. மணல் கொடுத்தால் கரை வளரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதை நகரத்தோடு நிறுத்தாமல், வடக்கே உள்ள ஊர்களுக்கும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். துறைமுகம் புதுச்சேரியிடம், அரிபடும் ஊர்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிடம் என்பதால் இரு அரசுகளும் சேர்ந்துதான் இதைச் செய்ய முடியும்.

தங்கள் செய்தியாளர் ஒருவரைத் துறைமுகத்துக்கு அனுப்பி, முகத்துவாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு மணல் தூர்வாரப்பட்டது, அது எங்கே கொட்டப்பட்டது என்று கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோட்டக்குப்பம்.