பசைப் போத்தல் மூடி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, மாமா

அன்புள்ள பிட்டர் மாமாவுக்கு,

நீங்கள் இணையம் பக்கம் வருவதில்லை என்று தெரியும். கொழும்பில் இருக்கும் உங்கள் மகன், லீவுக்கு வரும்போது இதைப் போனில் திறந்து வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் நடத்துகிற விஞ்ஞான வகுப்புக்கு வருவீர்களா என்று நேரில் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாயிற்று. முதல் தடவை சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்தீர்கள். இரண்டாம் தடவை இரண்டு காரணம் சொன்னீர்கள், இரண்டுக்குமே உங்கள் வாசலில் நின்றபடி எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பண்டாரவளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும், பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற ஓரிரு தாய்மார் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தமிழும் கணக்கும் எப்படியோ சமாளிக்கிறோம், இந்த விஞ்ஞானத்துக்கு யாரைப் பிடித்தீர்கள் என்று. நான் யாரையும் பிடிக்கவில்லை. தேயிலைத் தோட்ட பெக்டரியில் மெஷின் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த ஒருவர் தானாக வேலியோரம் வந்து நின்றார், பிறகு போய்விட்டார்.

அந்த நாள் உங்களுக்கு எந்த அளவுக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அதற்கு முன்னால் நடந்த கூத்தை நீங்கள் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து பதினெட்டாயிரம் ரூபா கொடுத்து ஒரு ரோபோ பெட்டி வாங்கியிருந்தேன். வகுப்பில் இருந்த ஆறு பிள்ளைகளும் கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அரை மணித்தியாலத்தில் பூட்டி முடித்தார்கள். அது நடந்தது, திரும்பியது, எல்லாரும் கைதட்டினோம். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். புத்தகத்தில் எப்படிப் பூட்டுவது என்று மட்டும்தான் இருந்தது. இப்போது அது அலுமாரிக்கு மேலே இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதினெட்டாயிரம்தான் கண்ணில் நிற்கும்.

அதற்குப் பிறகுதான் காசு செலவில்லாத வழியைப் பிடித்தோம். ஒரு பழைய சீடி, அதைச் சுற்றி எட்டு பிளாஸ்டிக் கரண்டி, உடைந்த டிவிடி பிளேயரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டர். மோட்டரைச் சுற்றினால் அதிலிருந்தே கரண்ட் வரும் என்பது பிள்ளைகளுக்கே பெரிய அதிசயம். வெள்ளை எல்.ஈ.டி.க்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும் என்று படித்துவிட்டு சிவப்பு ஒன்றை மாட்டினோம். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற தாங்கியிலிருந்து இருபது மீற்றர் குழாய், ஐந்து மீற்றர் இறக்கம். திறந்தால் சக்கரம் சோம்பேறித்தனமாக ஒரு சுற்று சுற்றி நின்றது. எல்.ஈ.டி.யைத் திருப்பி மாட்டிப் பார்த்தோம், கரண்ட் ஒரு பக்கமாகப் போனால்தான் அது எரியும் என்பதால். எரியவில்லை. இன்னும் நிறையத் தண்ணீர் வேண்டும் என்று என் மூத்தவன் முடிவு கட்டினான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அப்போதுதான் நீங்கள் குடையோடு வேலியோரம் நின்றிருந்தீர்கள், எவ்வளவு நேரமாகவோ. உள்ளே வந்தீர்கள், ஒன்றும் பேசவில்லை. மேசையில் கிடந்த பசைப் போத்தலின் கூம்பு மூடியை எடுத்து நுனியைச் சாயாமல் வெட்டிக் குழாய் வாயில் சொருகி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினீர்கள். தண்ணீர் ஊசி மாதிரிப் பாய்ந்தது. சக்கரம் இரைந்தது. சிவப்பு எரிந்தது.

சின்னவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மூத்தவன் சந்தோஷப்படவில்லை, கோபப்பட்டான். மூடி போட்டால் தண்ணீர் குறையத்தானே செய்யும், குறைந்த தண்ணீருக்கு எப்படிப் பலம் கூடும் என்று. நீங்கள் வாளியைக் காட்டி, "அளந்து பாரு தம்பி" என்றீர்கள். அளந்தோம். மூடி இல்லாமல் பத்து லீற்றர் வாளி 55 விநாடியில் நிரம்பியது. மூடியோடு 95 விநாடி. ஆக அவன் சொன்னது சரி, தண்ணீர் குறைந்துதான் இருக்கிறது. அவன் முகத்தில் இருந்த குழப்பத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ரோபோ பெட்டி ஒரு தடவையாவது அவனை இப்படிக் குழப்பியதா?

அன்று இரவு உட்கார்ந்து நாங்கள் கணக்குப் பார்த்தோம். குழாய் வாய் முழுசாகத் திறந்திருந்தால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உரசி உரசித் தன் சத்தையெல்லாம் இழந்துவிட்டு, விநாடிக்கு ஒன்றரை மீற்றர்கூட இல்லாத வேகத்தில் வெளியே வழிகிறது. வாயைச் சிறுத்தால் குழாய்க்குள் மெதுவாக வருகிறது, உரசல் குறைகிறது, மிஞ்சிய சத்து முழுவதும் வாயில் வேகமாக மாறுகிறது, விநாடிக்கு எட்டு மீற்றர் அளவில். அதே அளவு தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கிற சத்து நான்கு மடங்கு. ஐந்து மீற்றர் உயரத்திலிருந்து விநாடிக்கு 0.1 லீற்றர் என்றால் கணக்குப்படி கிட்டத்தட்ட 5 வாட் வர வேண்டும், எங்கள் சிவப்பு எல்.ஈ.டி. எரிய 0.1 வாட்கூடத் தேவையில்லை. மிச்சம் எங்கே போனது என்று சின்னவள் கேட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வியில்தான் வகுப்பு ஓடுகிறது.

சரி, இப்போது உங்கள் முதல் காரணத்துக்கு வருகிறேன். "நான் அஞ்சாம் வகுப்புதாம்மா. ஒண்ணுக்கும் பேரு தெரியாது. பேரு தெரியாம என்னத்தப் படிச்சுக் குடுக்க?" என்றீர்கள்.

மாமா, அன்று போகும்போது சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்று சொன்னீர்கள், நான் அதை அப்படியே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். "சக்கரத்தை விட்டு வர்ற தண்ணி செத்து விழணும்மா. துள்ளிக்கிட்டு விழுந்தா அதுக்குள்ள இன்னும் சத்து இருக்குன்னு அர்த்தம்." நீங்கள் பையனாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெக்டரிக்குக் கீழே ஆற்றோரம் ஓடிய பழைய டர்பைனைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தந்த கிழவர் சொன்னது என்றீர்கள். நான் புத்தகத்தைத் தேடினேன். அமெரிக்காவில் பெல்டன் என்பவர் 1880இல் காப்புரிமை வாங்கிய சக்கரம் அது. நடுவில் வகிடு எடுத்த மாதிரி இரட்டைக் கிண்ணங்கள், தாரை அந்த வகிட்டில் விழுந்து இரண்டாகப் பிரிந்து, வந்த பக்கமே திரும்பிப் போகும். கிண்ணம் தாரையின் வேகத்தில் பாதி வேகத்தில் ஓடும்போதுதான் அதிகபட்சப் பலம் கிடைக்கும், அந்த நேரத்தில் வெளியே விழும் தண்ணீரில் வேகம் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இதை நிரூபிக்க ஒரு பக்கம் எழுத்தும் எண்ணுமாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்தை நீங்கள் "செத்து விழணும்" என்று முடித்துவிட்டீர்கள். எனக்குப் பெயர் தெரியும், அந்தத் தண்ணீரைப் பார்க்கத் தெரியாது. அப்புறம் இதில் யார் யாருக்குப் படிப்பிப்பது?

இன்னொன்றும் சொல்லட்டுமா. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார்கள். இது கெஹெல்கமு ஓயாத் தண்ணீர், நோர்ட்டனுக்குப் போகும், அங்கிருந்து மலைக்குள்ளால் லக்சபானவுக்கு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தும் லக்சபான ஓடத் தொடங்கியது 1950இல்தான், அவர் இறப்பதற்கு மூன்று வருடம் முன்பு. பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள், மரியாதைக்கு. ஆனால் அங்கேயும் பெல்டன் சக்கரம்தான், அங்கேயும் குழாய் வாயைச் சிறுக்கித்தான் தண்ணீரை அடிக்கிறார்கள் என்றதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில், "பசைப் போத்தல் மூடி!" என்றார்கள். லக்சபான அப்படித்தான் அவர்களுக்கு விளங்கியது.

பெயர் தெரிந்த நான் எப்படியெல்லாம் தடுக்கி விழுகிறேன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. தெர்மோமீற்றர் ஒன்று வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் 96 பாகையில் நின்றுவிட்டது, அதற்கு மேல் அசையவில்லை. புத்தகத்தில் 100. பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரோடு சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். புதியதும் 96. நாம் இருப்பது 1,200 மீற்றர் உயரத்தில், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஒரு பாகை இறங்கும், நுவரெலியாவில் 94தான் காட்டும் என்பது பிறகுதான் உறைத்தது. இங்கே பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா காலமெல்லாம் விறகைத் திட்டிக்கொண்டிருந்தார், பாவம் விறகு. கடைக்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தத் தெருப்பக்கம் போவதைக் குறைத்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு வலித்தது. "ஒரு பள்ளிக்கூடம் கிடைக்காதான்னு எங்க காலத்துல ஏங்கினோம். நீங்க இருக்கற பள்ளிக்கூடத்த வேணாங்கறீங்க. அதுக்கு நானும் கூட நிக்கணுமா?"

என் அப்பாவும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்தான் மாமா. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிகிற தோட்டப் பள்ளிக்கூடம். எழுபதுகளில் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்கும்வரை எத்தனை பேருடைய படிப்பு அந்த அறையோடு நின்றது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மூத்தவனை நிறுத்தியபோது அப்பா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. நிறுத்தியதற்குக் காரணம் கேள்வி கேட்டதற்காக அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தது, ஒரு நாள் இல்லை, பல நாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுத மாட்டேன், அங்கே நல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள். நம் நாட்டில் 5 வயதிலிருந்து 16 வரை படிப்பு கட்டாயம், அதை மறந்துவிட்டு நான் பிள்ளைகளை வைத்திருக்கவில்லை. என்ன படித்தார்கள் என்று நாள்வாரியாகக் கொப்பி இருக்கிறது, பரீட்சையும் எழுதத்தான் போகிறார்கள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். என் மகனுக்கு அந்த வாசல் சரிவரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. வேன் வைத்து வரக்கூடிய ஆறு பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வகுப்பு நடத்திக்கொண்டு, பெக்டரியில் வாழ்நாள் முழுக்க உழைத்தவரை அதற்குக் கூப்பிட்டால் அவர் வேறு என்ன நினைப்பார்? அதனால் போன மாதத்திலிருந்து சனிக்கிழமை வகுப்பு எல்லாருக்கும். உங்கள் லயத்திலிருந்து நான்கு பேர் வருகிறார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான். அதில் ஒருத்தி, பதினொரு வயது, முதல் நாளே என் மகனுக்குப் பாடம் எடுத்தாள். இரண்டு பிடி கொழுந்து கொண்டு வந்திருந்தாள். ஒன்றைக் கையால் கசக்கி வைத்தாள், மற்றதை முதலில் ஆவியில் காட்டிவிட்டுக் கசக்கினாள். கசக்கியது கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமானது, ஆவி காட்டியது பச்சையாகவே இருந்தது. இலைக்குள் இருக்கிற நொதியம் காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அது, சூட்டில் நொதியம் செத்துவிடும், கறுப்புத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் உள்ள வித்தியாசமே அதுதான் என்று பிறகு நான் பெயர் சொன்னேன். வழக்கம்போல என் பங்கு அவ்வளவுதான்.

மழைமானியும் செய்திருக்கிறோம். போத்தலின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, போத்தல் நேராகிற இடத்தில் பூச்சியக் கோடு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும் என்று மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற அளவுகளை மூன்று நிறத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவுக்குப் பிறகு அந்தக் கோடுகளைப் பற்றி உங்கள் லயத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு போத்தல் உங்கள் வீட்டுக் கூரை ஓரத்திலும் கட்டியிருக்கிறது, கவனித்திருப்பீர்கள். கூரைத் தண்ணீர் விழாத மாதிரி வெளியே தள்ளிக் கட்டச் சொன்னேன், கேட்டார்களா தெரியவில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே மாமா, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். பாடம் நடத்த வேண்டாம். ஸ்குரூட்ரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையைப் பெயாரிங்கில் முட்டக் கொடுத்து, எது பழுது என்று கேட்டே சொல்வீர்களாமே, உங்கள் மகன் சொன்னார். ஒரு நல்ல பெயாரிங்கும் ஒரு போன பெயாரிங்கும் கொண்டு வந்து அவர்களைக் கேட்க வைத்தால் போதும். இரண்டு சக்கரங்களை இணைக்கிற பட்டியை எட்டு மாதிரி முறுக்கிப் போட்டால் மற்றச் சக்கரம் ஏன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று காட்டினால் போதும். வீட்டுக் கரண்டில் யாரும் கை வைப்பதில்லை, பற்றரி மட்டும்தான், அந்த விஷயத்தில் நான் கண்டிப்பு. ஒரு நாளைக்கு உரிய சம்பளம் உண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பெற்றோர் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.

உங்கள் குடையும் இங்கேதான் இருக்கிறது, அன்று மறந்துவிட்டுப் போனீர்கள். பிள்ளைகள் இரண்டாவது சக்கரம் செய்துவிட்டார்கள், சிரட்டையை அறுத்து நடுவில் வகிடு வைத்து. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வகுப்பு. தண்ணீர் இன்னும் துள்ளிக்கொண்டுதான் விழுகிறது.