கடைசித் தொகையைச் சொல்லிவிட்டு மேசை போடுங்கள்

சென்னை நட்சத்திர விடுதிகளின் உணவு, பானப் பிரிவு மேலாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு நகரத்து விடுதி ஒன்றில் நான்கு பேர் பிரஞ்ச் (காலை உணவும் மதிய உணவும் சேர்ந்த விருந்து) முடித்து எழுந்த மேசைக்கு வந்த பில்தான் இந்த மடலுக்குக் காரணம். விடுதியின் பெயர் வேண்டாம். பில்லைப் பார்த்தால் உங்களில் பலருக்கு அது சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரியே தெரியும்.

விளம்பரத்தில் தலைக்கு 3,000 ரூபாய். பக்கத்தில் கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் தெரிகிற இரண்டு கூட்டல் குறிகள்: சர்வீஸ் சார்ஜும் வரியும் தனி என்று அர்த்தம். நாலு பேருக்கு 12,000 என்று கணக்குப் போட்டு வந்தவர்கள் கட்டியது 17,393. எப்படி? பஃபே 12,000. இரண்டு பாட்டில் தண்ணீர் 400. நான்கு ஃபில்டர் காபி 1,000. ஆக 13,400. அதன்மேல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 1,340. அந்த 14,740-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,653 சொச்சம். சொன்ன விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையே 5,393 ரூபாய்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: மேசை புக் செய்யும்போதே எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை எழுத்தில் கொடுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, உணவுத் தொகையோடு கூட்டி அதன்மேல் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதை எதிர்த்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. உணவகச் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. போகட்டும், அது அவர்கள் உரிமை. அதில் தீர்ப்பு வரும்வரை பில்லில் அந்தத் தொகை எதற்கு?

"வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோமே" என்று உங்கள் ஊழியர்கள் பணிவாகத்தான் சொல்கிறார்கள். எடுப்பது எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை மேசைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். பில்லைக் கொண்டுவந்த பையனுக்கு அதை நீக்கும் அதிகாரம் கிடையாது. அவர் கேப்டனைக் கூப்பிடுவார். கேப்டன் டியூட்டி மேனேஜரைத் தேடிப் போவார். மேனேஜர் வந்து, "சேவையில் ஏதாவது குறையா சார்?" என்று மேசை முழுக்கக் கேட்கிற குரலில் விசாரிப்பார். பிறகு பழைய பில்லை ரத்து செய்து, மறுபடி அச்சடித்து, கார்டு மெஷினோடு வரக் கால் மணி நேரம். ஞாயிறு மதியம் உங்கள் உணவகத்துக்கு யாரை அழைத்துக்கொண்டு வருவார்கள்? சம்பந்தி வீட்டாரை, ஓய்வு பெறும் மேலதிகாரியை, வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்தை. அவர்கள் முன்னால் 1,340 ரூபாய்க்கு வாதாடுகிறவர் யார்? வரியோடு சேர்த்தால் 1,581. வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டுப் போவார். 'விருப்பப்பட்டால் தரலாம்' என்கிற ஏற்பாடு முழுவதும் அந்தக் கூச்சத்தின் மேல்தான் நிற்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதை யார் அழுத்துவது?

வரியும் வெளியிலிருந்து கண்டுபிடிக்கக்கூடியதாக இல்லை. தனி உணவகம் என்றால் 5 சதவீதம். 2025 ஏப்ரல் முதல், ஒரு விடுதி முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தாலோ, இந்த வகையில் வருவதாக விடுதியே விரும்பி அறிவித்திருந்தாலோ, அதற்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம். போன வருடம் நீங்கள் அறையை என்ன வாடகைக்கு விட்டீர்கள் என்று இட்லி சாப்பிட வருகிறவருக்கு எப்படித் தெரியும்? 3,000 ரூபாய்ச் சாப்பாடு ஓரிடத்தில் 3,150, இன்னோரிடத்தில் 3,540. மது சேர்ந்த பேக்கேஜ் என்றால் இன்னும் சிக்கல்: மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வாட் வரி. ஒரே விலையில் எவ்வளவு சாப்பாட்டுக்கு, எவ்வளவு பானத்துக்கு என்று பிரிப்பது நீங்கள்தான். பிரித்த பிறகு வரும் தொகையும் உங்களுக்குத்தான் தெரியும். ரிசர்வேஷனில் கேட்டால் "பிளஸ் டாக்ஸஸ் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

தண்ணீருக்கு வருவோம். உட்கார்ந்ததும் வரும் கேள்வி, "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" சாதா பாட்டில் தண்ணீரா, வாயு ஏற்றியதா என்று அர்த்தம்; மூன்றாவதாக ஒரு தண்ணீர் உலகத்தில் இல்லாத மாதிரி. பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு (எம்.ஆர்.பி.) மேல் விடுதிகள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது உண்மைதான். விலையைச் சொல்லாமல் திறந்து ஊற்றலாம் என்று சொல்லவில்லை. மது இல்லாத பானங்களுக்கான சாஃப்ட் பெவரேஜ் பேக்கேஜில் நீல நிற மாக்டெயில் எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் ஃபில்டர் காபிக்குத் தனி பில். சென்னையில்! இந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

சொல்லவந்த விஷயம் விலைதான். இருந்தாலும் 'ரிலாக்ஸ்ட் சண்டே' என்று விளம்பரத்தில் போடுகிறீர்களே, அதையும் கொஞ்சம் பேசுவோம். ஆப்பக் கவுன்ட்டரில் இரண்டு சட்டி. மாவை ஊற்றி, சுழற்றி, மூடி வைத்து எடுக்க ஓர் ஆப்பத்துக்கு மூன்று நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 40. உங்கள் கூடத்தில் 120 இருக்கைகள். தலைக்கு ஒன்று போட்டு முடிக்கவே மூன்று மணி நேரம் வேண்டும். உங்கள் பிரஞ்ச்சே 12.30 முதல் 3.30 வரைதான். அதாவது கடைசி ஆள் ஆப்பம் வாங்கும்போது அடுத்த கவுன்ட்டரில் துணி போட்டு மூடிக்கொண்டிருப்பார்கள். சமையல்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஆறு சட்டி வைத்தால் தீர்கிற காரியம். ரொட்டிமேல் அரைவேக்காட்டு முட்டை வைத்து, ஹாலண்டேஸ் என்ற வெண்ணெய் சாஸ் ஊற்றிய எக்ஸ் பெனடிக்ட்டைச் சேஃபிங் டிஷ்ஷில் (உணவைச் சூடாக வைத்திருக்கும் மூடிப் பாத்திரம்) அடுக்குவதையும் நிறுத்திவிடலாம். சூடான உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சூட்டிலேயே கிடந்தால் மஞ்சள் கரு இறுகும், ஹாலண்டேஸ் சாஸ் வெண்ணெய் பிரிந்து நிற்கும். அது ஆர்டர் எடுத்துச் செய்து மேசைக்குக் கொண்டுவர வேண்டிய பண்டம். பாடகரின் ஸ்பீக்கரை 70 வயதுக்காரர்கள் உட்காரும் மூலையைப் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், உயரக் கூரை. சத்தம் போவதற்கு வேறு இடமே இல்லை.

கோபம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆப்பச்சட்டியை உங்கள் வசதிப்படி வாங்குங்கள். கேட்பது முதலில் கேட்டதுதான்: கடைசித் தொகை, புக் செய்யும்போதே, எழுத்தில். புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. மேசையை உறுதி செய்து நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலேயே இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும்:

"பெரியவர் 4, குழந்தை 1. ஞாயிறு 12.30, மேசை 3.30 வரை உங்களுடையது. பெரியவருக்கு வரி உள்பட 3,540; 5 முதல் 11 வயது வரை 1,770. குடிநீர், காபி, டீ இதில் அடக்கம். சர்வீஸ் சார்ஜ் இல்லை."

குழந்தைக் கட்டணத்துக்கு அளவு வயதா, உயரமா என்பதையும் ஒன்றாக முடிவு செய்துவிடுங்கள். வாசலில் வைத்து அளப்பது பார்க்க நன்றாக இல்லை.

வரும் ஞாயிறுக்கான விளம்பரங்கள் வியாழன், வெள்ளிக்குள் வந்துவிடும். அதிலேயே இந்தத் திருத்தத்தைச் செய்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை மேசை தேடும் சென்னைவாசிகள்