சிக்னல் போனாலும் செய்தி போக: நீலகிரி மக்களுக்கு ஒரு நன்றி மடல்

மண்சரிவு, மரம் விழுதல், பாதை அடைப்பு ஆகியவற்றைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கும் எங்கள் கைபேசிச் செயலியை மழையில் நனைந்தபடி சோதித்துக் கொடுத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மின்சாரம் போகும், கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி தீரும், பாதை அடைபட்டால் ஜெனரேட்டருக்கு டீசலும் போய்ச் சேராது. ஆகவே இணையம் இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் செயலியைக் கட்ட வேண்டும். மிச்சமிருக்கும் வழி குறுஞ்செய்தி. தமிழில் எழுதினால் ஒரு குறுஞ்செய்தியில் 70 குறியீடுகளே அடங்கும். 'கொ' என்பதே எழுத்தும் துணைக்குறியுமாக இரண்டாகக் கணக்காகும். செய்தி நீண்டால் துண்டாகும், பலவீனமான சிக்னலில் ஒரு துண்டு தங்கிவிடும். இதைக் கவனித்துச் சொன்ன கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு நன்றி. இப்போது விபத்து வகை, இடம், நேரம் எல்லாம் எண்களாகவே போகின்றன. அப்படியானால் 160 எழுத்து வரை இடமுண்டு. கட்டுப்பாட்டு அறைத் திரையில் அவை தமிழாக விரியும்.

ஜிபிஎஸ்ஸுக்குக் கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் தேவையில்லை. ஆனால் இணைய உதவி இல்லாதபோது செயற்கைக்கோளிடமிருந்தே விவரம் பெற அரை நிமிடமாவது ஆகும். பள்ளத்தாக்கிலும் சோலைக்குள்ளும் இன்னும் இழுக்கும். இடத்தைக் காட்டுவதில் பிழை 50 மீட்டரைத் தாண்டினால் செயலி இடப்பெயர் கேட்கும். அந்தப் பெயர்களைத் தந்தவர்கள் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் பெரியவர்களும் தேயிலைத் தோட்ட லயன் வீட்டுக்காரர்களும் அரசுப் பேருந்து ஓட்டுநர்களும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது என்று சொன்னால் மீட்பு வண்டிக்கு அதுவே போதும்.

திரையில் நீர்த்துளி விழுந்தாலே பொத்தான் அழுந்திவிடுவதைக் காட்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களே, 'அனுப்பு' பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடிக்கும்படி மாற்றியது உங்களால்தான்.

கட்டுப்பாட்டு அறையின் இரவுப் பணி ஊழியர்கள் வலியுறுத்தியது எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது: அருகருகே வரும் இரண்டு புகார்களைச் செயலி தானாக ஒன்றாக்கக் கூடாது. நூறு மீட்டர் தள்ளி இன்னொரு சரிவு இருக்கலாம். ஒரே கைபேசியிலிருந்து திரும்ப வரும் அதே புகாரை மட்டும் அதன் அடையாள எண்ணைப் பார்த்து நீக்குகிறோம். மற்றதை மனிதர் முடிவு செய்வார்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊர் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். பேட்டரி சேமிப்பு அமைப்பில் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் சிக்னலுக்காக வரிசையில் நிற்கும் புகார் போகாமலே கிடக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112 அல்லது 1077-க்கு அழையுங்கள், செயலி பிறகு.

நன்றியுடன்,
செயலி வடிவமைப்புக் குழுவினர்