இடம் உண்டா இல்லையா என்று சொல்ல ஒரு தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நம் தென்னாப்பிரிக்காவின் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதி) தேர்வு முடிவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2024ஆம் ஆண்டுப் பிள்ளைகளில் 87.3 சதவீதம் பேர் தேறினார்கள், 47.8 சதவீதம் பேர் பட்டப்படிப்புக்குத் தகுதி பெற்றார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தகுதி பெற்ற பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் எப்படி, எப்போது கிடைக்கிறது என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீடுகளில் ஜனவரியும் பிப்ரவரியும் அந்தக் கவலையில்தான் கழிகின்றன.

நான் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். அங்கே பார்ப்பதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. சி.ஏ.ஓ. என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் ஆறு படிப்புகளை விருப்ப வரிசையில் எழுதலாம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சுலுலாந்து எல்லாம் இதில் அடக்கம். சி.ஏ.ஓ. யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. விண்ணப்பத்தை வாங்கி அனுப்புவதும் பதிலைத் திருப்பிச் சொல்வதும் மட்டுமே அதன் வேலை. முடிவெடுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் துறைகள். ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு. போதாக்குறைக்கு மதிப்பெண் கூட்டும் முறையும் வேறு வேறு. ஒரு இடத்தில் லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத்திறன் பாடம் சேரும், இன்னொரு இடத்தில் சேராது. மெட்ரிக் கணக்குப்படி 80 எடுத்தவளும் 98 எடுத்தவளும் ஒரே ஏழாம் நிலை, அதுதான் உச்ச நிலை. ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்ஸ் போன்ற பல்கலைக்கழகம் 90க்கு மேல் எடுத்தால் எட்டுப் புள்ளி தருகிறது. ஒரே பிள்ளையின் ஒரே மதிப்பெண் பட்டியலுக்கு மூன்று ஊரில் மூன்று எடை.

சரி, விண்ணப்பம் போட்டாயிற்று. அடுத்து வருவதுதான் பிள்ளைகள் சொல்லும் "ப்ரொவிஷனல் ஆஃபர்". பதினோராம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணைப் பார்த்துச் சில துறைகள் ஆண்டு முடிவதற்குள்ளேயே நிபந்தனையுடன் இடம் தருகின்றன. சில துறைகள் மெட்ரிக் முடிவு வரும் வரை வாயே திறப்பதில்லை. நிபந்தனைக் கடிதம் வந்ததும் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் "தேவையான மதிப்பெண் பெற்றால், இடம் இருந்தால்" என்று எழுதியிருப்பதை யாரும் நின்று படிப்பதில்லை. முதல் பாதி பிள்ளையின் கையில் இருக்கிறது. இரண்டாம் பாதி யார் கையில் என்று எந்தக் கடிதமும் சொல்வதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்த "இடம் இருந்தால்" என்ற சொற்கள்தான். கேட்ட மதிப்பெண்ணைப் பிள்ளை எடுத்துக் காட்டிய பிறகும் இடம் தீர்ந்துவிட்டது என்றால், முதலில் கொடுத்த வாக்கு என்ன வாக்கு?

2025இல் முடிவுகளை ஜனவரி 13 இரவு அமைச்சர் அறிவித்தார். மறுநாள் பொங்கலன்று பிள்ளைகள் கையில் கிடைத்தது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாம் சொல்கிறோம். அந்தத் தையில் எத்தனையோ வீடுகளில் அம்மா பொங்கல் பானையைப் பார்ப்பதா, மகளின் ஃபோனைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். தைப்பூசம் பிப்ரவரி 11இல் வந்தது. காவடி எடுத்து முடித்த பிறகும் "காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பட்டியலில் ஐந்தாவதா, ஐந்நூறாவதா? கேட்டால் பதில் இல்லை. அதற்குள் வகுப்புகள் தொடங்கும் காலமே வந்துவிடுகிறது.

இந்தக் காத்திருப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. என் தங்கை மகளுக்கு உள்ளூரில் அவள் முதலில் எழுதிய படிப்பிலிருந்து பதில் வரவில்லை. வெளியூரில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தந்து, சில நாட்களுக்குள் ஏற்காவிட்டால் இடம் போய்விடும் என்றது. அங்கே விடுதி கிடைக்குமா என்றும் தெரியாது. பயத்தில் என் தங்கை ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டினாள். அது திரும்ப வராத பணம். அப்புறம் உள்ளூர்ப் படிப்பு கிடைத்தது. போன பணம் போனதுதான். அவர்களால் அதைத் தாங்க முடிந்தது. முன்பணம் கட்டவே வழியில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். அரசு உதவி உண்டு. ஆனால் அந்த உதவியும் பிள்ளை ஒரு கல்வி நிலையத்தில் பதிவு செய்த பிறகே உறுதியாகிறது. இடம் இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் பணம் இல்லை. வருமானம் அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டாலோ, கடன்தான் கதி.

மருத்துவப் படிப்பில் இன வாரியாக இடம் ஒதுக்குவது பற்றியும் பலர் என்னிடம் பேசுகிறார்கள். அது தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டிய விஷயம். நான் இங்கே கேட்பது எந்த இனத்துப் பிள்ளைக்கும் பொதுவானது.

என் கோரிக்கை இதுதான். மெட்ரிக் முடிவு வெளிவந்த இரண்டு வாரத்துக்குள் நாட்டின் எல்லாப் பொதுப் பல்கலைக்கழகங்களும் ஒரே தேதியில் தங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்தத் தேதி வரை, ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையின் இடமும் பறிபோகக் கூடாது. காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் எத்தனையாவது என்று சொல்ல வேண்டும். நிபந்தனை போட்டால் எந்தப் பாடத்தில் எத்தனை என்று எண்ணாகச் சொல்லி, பிள்ளை அதை எடுத்துவிட்டால் இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை. பிரிட்டனில் யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியாக ஐந்து படிப்புகள் வரை விண்ணப்பிக்கிறார்கள். வந்த வாய்ப்புகளில் ஒன்றை உறுதியாகவும் இன்னொன்றைக் காப்பாகவும் பிள்ளை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் தேர்வு முடிவு வரும் நாளிலேயே பெரும்பாலோருக்கு எங்கே போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பொறியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஒரே தரவரிசை வெளியிட்டு, அந்த வரிசைப்படி கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. இருந்தாலும் தன் எண் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

பல்கலைக்கழகங்கள் சொல்லும் காரணத்தையும் நான் மதிக்கிறேன். ஒரே பிள்ளை நாலைந்து இடத்தில் வாய்ப்பை வைத்துக்கொண்டு கடைசியில் ஒன்றில்தான் சேர்கிறான். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் துறைகள் இருக்கும் இடத்தைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு, பிறகு பிடித்து நிறுத்துகின்றன. உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மற்றதைப் பார்க்காமல் தனித்தனியே முடிவெடுப்பதால் வரும் சிக்கல் அது. நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்ப அமைப்பு வேண்டும் என்று உயர்கல்வித் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 2019இல் அதற்கு ஒரு வரைவு மசோதாவும் வந்தது. பிள்ளைகள் இன்னும் ஊர் ஊராக விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இடம் கிடைக்காதவர்களின் விவரத்தைக் காலியிடம் உள்ள நிலையங்களுக்கு அனுப்பும் காச் என்ற ஏற்பாடு ஜனவரியில் இயங்குகிறது. அது நல்லது, ஆனால் அது எல்லாக் கதவும் மூடிய பிறகு வருவது.

2012 ஜனவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழக வாசலில் கடைசி நேர விண்ணப்பத்துக்காக நின்ற கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு, மகனுக்காக வந்திருந்த ஒரு தாய் இறந்து போனார். அதன் பிறகு அங்கே நேரில் வந்து விண்ணப்பிப்பது நிறுத்தப்பட்டது. கூட்டம் இப்போது வாசலில் நிற்பதில்லை, வீட்டுக்குள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

இந்திய வம்சாவளியினரான நம் சமூகத்துக்கு இது புதுக் கவலை இல்லை. பல்கலைக்கழகங்களை இன வாரியாகப் பிரித்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் சேர நம்மவர்கள் அமைச்சரின் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1961இல் இந்தியருக்கென்று ஒரு கல்லூரியை டர்பன் துறைமுகத்தில் சால்ஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் திறந்தார்கள். மாணவர்கள் படகில் வகுப்புக்குப் போனார்கள். 1972இல்தான் அது டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில் குன்றுக்கு வந்தது. அந்தத் தலைமுறைக்கு யார் தடுக்கிறார்கள் என்றாவது தெரிந்திருந்தது. இன்றைய பிள்ளைக்குத் தடுப்பது யார், ஏன் என்றே சொல்லப்படுவதில்லை.

ஆசிரியர் அவர்களே, அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் சில மாதங்களில் தொடங்கும். சி.ஏ.ஓ.வில் பெரும்பாலான படிப்புகளுக்குச் செப்டம்பர் கடைசி வரை நேரம் உண்டு, மருத்துவத்துக்குக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவுகளுக்கு உங்கள் இதழ் மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்ப வேண்டும்: எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வீர்கள், காத்திருப்போர் பட்டியலில் எண் தருவீர்களா, நிபந்தனையை நிறைவேற்றிய பிள்ளைக்கு இடம் நிச்சயமா? வரும் பதில்களை அப்படியே அச்சிடுங்கள். பதில் தராதவர்களின் பெயரையும் அச்சிடுங்கள். விண்ணப்பம் நிரப்பும் முன்பே அது எங்கள் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். பிரதிகள் எடுத்துக் கோயில் மண்டபத்தில் கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.