வாசகர் வட்டம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி இந்த ஆண்டு கதை, கவிதையை ஒதுக்கிவைத்துவிட்டு ஓவியம், புகைப்படம், இசை பற்றிய நூல்களை எடுத்தோம். "இதில எங்களுக்கு என்ன தெரியும்?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும், ஒன்பதுதான் நடந்தது. ஒன்று மழையால் போனது. மற்ற இரண்டும், வழக்கமான மண்டபத்தைக் கடைசி நேரத்தில் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டதால்.

முதல் நூல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜோன் பெர்ஜரின் 'வேய்ஸ் ஒஃப் சீயிங்' (பார்க்கும் விதங்கள்). 1972இல் பிபிசியில் நான்கு பகுதிகளாக வந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. ஏழு கட்டுரைகளில் மூன்றில் எழுத்தே இல்லை, படங்கள் மட்டும். கேன்ஸ்பரோ வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதியின் ஓவியத்தில், மரத்தடியில் இருக்கும் இருவரை மட்டும் பார்த்துவிட்டுப் போகவேண்டாம், பக்கத்தில் விரிந்து கிடக்கும் நிலத்தையும் பாருங்கள் என்கிறார் பெர்ஜர். அது அவர்களுடைய காணி. எங்கள் விறாந்தைப் படங்களும் அதே ரகம்தான் என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவருடைய ஐயா மொறிஸ் மைனரில் கைவைத்தபடி நிற்கும் படத்தில் நடுவில் நிற்பது கார்தானாம், ஐயா ஓரத்தில்.

அந்தச் சூட்டோடு பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு நடந்தோம். கோணேசரைக் கும்பிடப் போகும்போது எத்தனையோ தரம் கடந்த வாசல். பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல், கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னனைப் பற்றி 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் பாட்டின் சிதைந்த எழுத்து, பிரித்தானிய அரச இலச்சினை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. யாருடைய காணி என்று கேட்டால் அந்தக் கல் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக்கின் 'ஒன் ஃபோட்டோகிரஃபி' (1977) எங்களுக்குக் கடினமாக இருந்தது. புகைப்படம் பற்றிய நூலில் ஒரு புகைப்படமும் இல்லையே என்று இளையவர்கள் ஏமாந்துபோனார்கள். ஒரு கட்டுரையோடு நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு படம் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். கரையோரத்தில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் துவாயில் சுற்றி ஒரு கல்யாணப் படம் கொண்டுவந்தார். 2004 சுனாமியில் நனைந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கழற்றினால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்று இன்றுவரை கழற்றவில்லை. கீழ்ப்பாதி மஞ்சளாகக் கரைந்து, மிஞ்சியது இரண்டு முகமும் ஒரு மாலையும். ஒருவர் அதைக் கைத்தொலைபேசியில் எடுக்கப்போக, "வேண்டாம் தம்பி" என்றார். ஒன்றைப் படம் எடுப்பது அதைத் தனதாக்கிக்கொள்வது என்ற சொன்டாக்கின் கருத்தை அதன்பின் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

லயனல் வென்ட்டுக்கு (1900–1944) ஒரு மாலை ஒதுக்கினோம். பியானோக் கலைஞர், புகைப்படக்காரர், இலங்கையின் நவீன ஓவியர்கள் சேர்ந்த 43 குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் இறந்தபின் 1950இல் வந்த தொகுப்பின் சில பக்கங்களைப் பிரதியில்தான் பார்த்தோம். பிரதி எடுத்ததில் கறுப்பெல்லாம் ஒன்றாகிப்போனது. இனி அப்படிச் செய்வதில்லை.

ஆண்டின் சிறந்த கூட்டம், என் கணக்கில், கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) பற்றியது. மிருதங்கம் வாசிப்பவரை விட்டுவிட்டு, அதைச் செய்பவர்களைத் தேடிப்போன நூல். அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். இசை ஆசிரியர் ஒருவர் தன் மிருதங்கத்தை மேசையில் வைத்து வலந்தலை, தொப்பி, வார், கரணை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் உண்டு என்றதும், கோயில் கச்சேரிகளுக்குத் தவறாமல் போகும் ஒரு அம்மா கையை மெல்ல எடுத்துக்கொண்டார். பிறகு அவரே திரும்பக் கையை வைத்து, "இவ்வளவு நாளும் கேட்டதெல்லாம் இதைத்தானே" என்றார்.

பேச்சு அங்கிருந்து எங்கள் ஊர்ப் பறைக்கு வந்தது. செத்தவீட்டுக்குக் கூப்பிடுகிறோம், மேடைக்கு ஏன் கூப்பிடுவதில்லை என்று ஒருவர் கேட்க, குரல்கள் உயர்ந்தன. இதை அறிக்கையில் போடவேண்டாம் என்றார்கள். போட்டுவிட்டேன். அடுத்த ஆண்டுக்கு நான் முன்மொழிவதும் அந்தக் கேள்வியைத்தான். முதலில் நூலைத் தேடாமல் பறை அடிப்பவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்போம். அழைப்பு என்றால் வண்டிக்கூலியும் சாப்பாடும் சேர்த்துத்தான்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்தியாவிலிருந்து நூல் எடுப்பிக்கும் செலவைக் கேட்டு யாரும் அவரோடு கோபிக்கவேண்டாம்.

இரவல் போன நூல்கள் மூன்று இன்னும் திரும்பவில்லை. பெர்ஜர் என்னிடம்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் யாரிடம் என்று அவரவர்க்குத் தெரியும்.

செயலாளர்