மங்கா வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், முதல் முறையாக வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் செய்த வேலைகளை இந்த அறிக்கையில் சொல்கிறேன். பன்னிரண்டு கூட்டங்கள் நடத்தத் திட்டமிட்டோம், பத்து நடந்தன. வாடகை அறைக்கான மாதாந்திரக் குலுக்கலில் நம் பெயர் விழாததால் இரண்டு மாதம் கூட முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

வழக்கமாகக் கூட்டத்துக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு அதை மாற்றி, முழு ஆண்டுக்கும் ஒரே தொடரை எடுத்தோம்: கியோ ஷிமோக்கு வரைந்த 'கென்ஷிகென்' என்ற மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. இதை முன்மொழிந்தவர், இங்கே டோக்கியோவில் கல்லூரி படிக்கும் நம் இளைய உறுப்பினர். "எங்கள் காலேஜ் சர்க்கிள் (மாணவர் சங்கம்) ரூம் எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதைப் படித்தால் தெரிந்துவிடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எல்லோரும் கை தூக்கினோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கெந்தாய் ஷிகாகு புங்கா கென்க்யூகாய்', அதாவது தற்காலக் காட்சிப் பண்பாட்டு ஆய்வுக் குழு என்ற நீண்ட பெயரின் சுருக்கம்தான் கென்ஷிகென். பெயர்தான் ஆய்வுக் குழு. உள்ளே இருப்பவர்கள் அனிமே என்ற ஜப்பானிய அசைபடங்களைப் பார்க்கிறார்கள், மங்கா படிக்கிறார்கள், வீடியோ கேம் ஆடுகிறார்கள், பொம்மை மாடல் ஒட்டுகிறார்கள், மீதி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே கல்லூரியில் மங்காவுக்கு ஒரு சங்கமும் அனிமேவுக்கு ஒரு சங்கமும் தனித்தனியே உண்டு. அந்த இரண்டிலும் பொருந்தாதவர்கள் வந்து சேரும் இடம் இது. கோதான்ஷா பதிப்பகத்தின் 'ஆஃப்டர்நூன்' மாத இதழில் 2002இல் தொடங்கி 2006இல் முடிந்தது, 9 தொகுதிகள். 2010இல் 'இரண்டாம் தலைமுறை' என்று மீண்டும் தொடங்கி 2016 வரை வந்தது, 12 தொகுதிகள். ஆக 21. கூட்டத்துக்கு இரண்டு தொகுதி, கடைசிக் கூட்டத்தில் மட்டும் மூன்று என்று முடித்தோம்.

புத்தகங்கள் கிடைத்தது எளிது. நிஷி-கசாயில் டோசாய் ரயில் ஏறினால் நேராக நகானோவில் இறங்கலாம். அங்கே நகானோ பிராட்வே கடை வளாகத்தில் மந்தராகே என்ற பழைய மங்காக் கடையில் பழைய பிரதிகளாக வாங்கினோம். பெரியவர்களில் பலர் ஆங்கிலப் பதிப்பில் படித்தார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஜப்பானிய மூலத்தில் படித்தார்கள். கூட்டங்களில் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தது இந்த ஆண்டில்தான் முதல் முறை. கதையில் வரும் மதராமே என்ற மாணவன் பேசும் மூச்சுவிடாத ஜப்பானியம் மொழிபெயர்ப்பில் பாதி காணாமல் போயிருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பையன் வாசித்துக் காட்டியபோது அறை முழுக்கச் சிரிப்பு.

முதல் இயலைப் பற்றியே ஒரு கூட்டம் போய்விட்டது. புதிதாகச் சேர வரும் சசஹாராவை அறையில் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பிப் போகிறார்கள். ஒளித்து வைத்த டோஜின்ஷிகளை அவன் தேடி எடுக்கிறான். எதிர்ப்புறத்திலிருந்து எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டோஜின்ஷி என்றால் ரசிகர்களே வரைந்து, சொந்தக் காசில் அச்சிட்டு விற்கும் சிறு புத்தகம். நம் ஊர்ச் சிற்றிதழைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்தத் தாளின் வாசனை தெரியும். தனக்குப் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லவே கூச்சப்படும் ஒருவன், அதே கூச்சம் உள்ள நான்கு பேரைக் கண்டுபிடிக்கும் இயல் இது. அன்று நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் எந்தப் புத்தகத்தை யாரிடமிருந்து மறைத்துப் படித்தோம் என்று சொன்னார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, எழுதுவது முறையல்ல.

கசுகாபே சகி பற்றித்தான் அதிகம் பேசினோம். அவளுக்கு அனிமே, மங்கா எதுவும் பிடிக்காது. காதலன் கோசாகாவை அந்தக் கும்பலிலிருந்து மீட்கத்தான் அறைக்குள் வருகிறாள். உருப்படியான செயல்பாடு இல்லை என்று மாணவர் நிர்வாகம் சங்கத்தைக் கலைக்கப் பார்க்கிறது. சகிக்கு அதைவிட நல்ல செய்தி வேறு இருந்திருக்க முடியாது. ஆனால் நாளாக ஆக அந்த அறையின் நடுத்தூண் அவள்தான் ஆகிறாள். கடைசிவரை அவள் ரசிகையாக மாறவே இல்லை என்பதுதான் கியோ ஷிமோக்குவின் நேர்மை. நம் துணைத்தலைவரின் கணவர் மூன்று வருடமாகக் கூட்டத்துக்கு வருகிறார், இதுவரை ஒரு மங்காவும் படித்ததில்லை, தேநீர் போட்டுத் தருகிறார். அவரை அன்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

ஒகியூவே என்ற மாணவி வந்த தொகுதிகள் கனமானவை. "ஒட்டாக்குகளை வெறுக்கும் ஒகியூவே" என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். ஒட்டாக்கு என்றால் அனிமே, மங்காவில் மூழ்கிக் கிடக்கும் ரசிகர். ஆனால் ஆண்களுக்கிடையிலான காதலை ரகசியமாக வரைகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் தனக்கு நெருக்கமான பையனையே வைத்து வரைந்தது வெளியே தெரிந்து, அவன் ஊரைவிட்டே போன கதையை அவள் உள்ளே சுமந்துகொண்டிருக்கிறாள். கருயிசாவா பயணத்தில் அது சசஹாராவிடம் வெளிவருகிறது. சசஹாராவையே பாத்திரமாக வைத்து வரைந்த பக்கங்களையும் பிறகு அவனுக்குக் காட்டுகிறாள். அவன் ஓடவில்லை. உட்கார்ந்து படிக்கிறான். இந்தப் பகுதி பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கூட்டத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனியாக வேறு இயல்களை வைத்தோம். அடுத்த ஆண்டும் இதே வழியைப் பின்பற்றலாம் என்பது என் கருத்து.

இரண்டாம் தலைமுறைத் தொகுதிகளில் நம் வட்டம் சரிபாதியாகப் பிரிந்தது. பெண்கள் நிறைந்த அறை, பெண் உடையில் வரும் மாணவன் ஹாதோ, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று திணறும் மதராமே என்று கதை வேறு திசையில் போவது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. படிப்பு முடிந்து, கல்லூரிக்குப் பக்கத்திலேயே குழாய் வேலை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, மதிய உணவைத் தூக்கிக்கொண்டு பழைய அறைக்கே வருகிறவன் மதராமே. முதல் 9 தொகுதிகளில் சகியிடம் தன் காதலைச் சொல்ல வாய் திறக்காத அவனை, சகியே பேச வைத்து, கேட்டு, மறுத்து அனுப்பும் இயல் இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. அதைப் படித்த கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வெளிப்பயணம் இரண்டு. நவம்பரில் தாமா மோனோரயிலில் சூவோ பல்கலைக்கழக நிலையம் வரை போனோம். கதையில் வரும் ஷீயோ பல்கலைக்கழகத்துக்கு அதன் தாமா வளாகம்தான் மாதிரி. 1978இல் நகரத்தின் நடுவிலிருந்து இந்த மலைப்பக்கத்துக்கு மாறிய கல்லூரி அது. இறங்கிப் பார்த்தபோதுதான் அந்த அறை ஏன் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. சுற்றிலும் மரங்கள். வகுப்பு இல்லாத இரண்டு மணி நேரம் போய் உட்கார அருகில் கடைத்தெரு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 29 அன்று ஆறு பேர் டோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்கில் காமிக் மார்க்கெட் என்ற டோஜின்ஷிச் சந்தைக்குப் போனோம். கதையில் 'காமிஃபெஸ்' என்று வருவது இதுதான். 1975 டிசம்பரில் தோரனோமோனில் ஒரு கூட்ட அறையில் 32 குழுக்களும் சுமார் 700 பேருமாகத் தொடங்கியது, இன்று இவ்வளவு பெரிய கட்டடத்தை நிரப்புகிறது. குளிரில் வரிசையில் நின்றபோது, தன்னார்வலர்கள் கயிறு பிடித்து அத்தனை கூட்டத்தையும் கத்தாமல் நகர்த்தியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்க வருகிறவரும் வாடிக்கையாளர் இல்லை, எல்லோரும் பங்கேற்பாளர்களே என்பது அங்கே முதல் நாளிலிருந்து இருக்கும் கொள்கை.

இனி, நடக்காத ஒன்று. சென்ற பொதுக்குழுவில் நாம் தீர்மானித்த தமிழ்ச் சிறு இதழ் வெளிவரவில்லை. அதற்குப் பொறுப்பு நான். சசஹாரா தலைவனானதும் டோஜின்ஷி போட முடிவெடுத்து, சங்கத்தில் படம் வரையும் குகயாமா பக்கங்களை வரையாமல் தள்ளிப்போட, இருவருக்கும் சண்டை வரும் இயல் நினைவிருக்கும். நம்மிடம் சண்டை வரவில்லை. யாரையும் நான் கெடு வைத்துக் கேட்கவில்லை, அதுதான் பிழை. வந்திருக்கும் நான்கு கட்டுரைகள் நல்ல கட்டுரைகள். அவற்றை ஜூலைக்குள் அச்சுக்கு அனுப்ப ஒரு ஆசிரியரைத் தனியாக நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் எண்ணிக்கை 23இலிருந்து 27 ஆகியிருக்கிறது. இந்தியா திரும்பிவிட்ட இருவர் இப்போதும் சந்தா அனுப்புகிறார்கள்.

அறை விஷயத்துக்கு வருகிறேன். கதைக்குள் வரும் கற்பனை அனிமே 'குஜிபிகி அன்பாலன்ஸ்', மாணவர் சபையையே குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் பள்ளியைப் பற்றியது. படிக்க அது இனிமை. நம் இரண்டு கூட்டங்கள் குலுக்கலில் போனதில் இனிமை இல்லை. அறை கிடைத்த நாட்களிலும் இரண்டு மணி நேரத்தில் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. கென்ஷிகெனில் முக்கியமானது எதுவும் நிகழ்ச்சி நிரலில் நடப்பதில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே, யாராவது சும்மா வந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் நடக்கிறது. சகியின் கவனக்குறைவால் தீப்பிடித்து அறையைக் கொஞ்ச நாள் இழக்கும்போது, அவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றுகிறார்கள். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு நம் ஞாபகம்தான் வந்தது.

உறுப்பினர் ஒருவர் தன் மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் ஆறு தத்தாமி (ஜப்பானியப் பாய்) அளவுள்ள அறையை மாதம் 15,000 யெனுக்குத் தர முன்வந்திருக்கிறார். ஆளுக்கு மாதம் 600 யென் சந்தா உயர்த்தினால் வாடகைக்குச் சரியாக வரும், மாணவர்களுக்கு உயர்வு வேண்டாம். படிக்கட்டு குறுகல், மேலே குளிர்சாதனம் இல்லை, ஒரு ஜன்னல் திறக்காது. ஆனால் புத்தக அலமாரியை நிரந்தரமாக வைக்கலாம். சாவி கடையிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் எந்த மாலையும் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போகலாம். 21 தொகுதிகளையும் முதல் ஆளாக நானே கொண்டுபோய் அடுக்கத் தயார்.

இதை இன்று வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அறை பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு வாருங்கள், நடக்கும் தூரம்தான்.

இப்படிக்கு,
செயலாளர்
நிஷி-கசாய், டோக்கியோ